வெளியிடத்தில் பால் கொடுப்பது எப்படி: தலைச்சன் பிள்ளைக்காரிகளுக்கு ஒரு வழிகாட்டி

என் மூத்தவளுக்கு அப்போது 52 நாள். புதுக்கோட்டையில் பஸ் ஏறி அறந்தாங்கிக்குப் போய்க்கொண்டிருந்தோம். கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே குழந்தை வாயைக் குவித்துக்கொண்டு தலையை இரண்டு பக்கமும் திருப்பித் தேட ஆரம்பித்தாள். பசி என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் பக்கத்து வரிசையில் இரண்டு ஆண்கள், நடுவில் நிற்கிற கூட்டம். இறங்கியதும் கொடுத்துக்கொள்ளலாம் என்று தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே இருந்தேன். அரை மணி நேரத்தில் அழுது அழுது அவளுக்குத் தொண்டை கம்மிவிட்டது. எனக்குப் பால் கசிந்து ரவிக்கையின் முன்பக்கம் முழுக்க ஈரம். முந்தானையை இழுத்து இழுத்து அதை மறைத்துக்கொண்டிருந்தேன்.

பின் சீட்டில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி என் தோளைத் தொட்டார். "புள்ள பசிக்கு அழுகுது. நீ யாருக்குடி ஆத்தா வெக்கப்படுற?" என்றார். அப்புறம் பக்கத்து வரிசைக்காரரிடம், "தம்பி, கொஞ்சம் அங்கிட்டுத் திரும்பிக்க" என்றார். அவர் ஒரு வார்த்தை பேசாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாட்டி எழுந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, நான் கொக்கியைக் கழற்றி முடிக்கும் வரை தன் முந்தானையை விரித்து மறைப்பாகப் பிடித்தார். குழந்தை குடிக்க ஆரம்பித்ததும் பஸ்ஸே அமைதியானது. கண்டக்டர் விசிலைத் தவிர வேறு சத்தமே இல்லாத மாதிரி இருந்தது எனக்கு.

அழுகிற குழந்தையை ஊரே திரும்பிப் பார்க்கும். குடிக்கிற குழந்தையை ஒரு முறை பார்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நான் வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்ட அந்த அரை மணி நேரத்தில்தான் மொத்தப் பஸ்ஸும் என்னைப் பார்த்தது. அதனால் கீழே நான் சொல்லப்போகிற எல்லாமே ஒன்றைப் பற்றித்தான்: குழந்தைக்குப் பசி என்று தெரிந்ததிலிருந்து வாயில் பால் போகிற வரைக்கும் ஆகிற நேரத்தை எப்படிக் குறைப்பது?

தவிர்க்க முடியுமா?

முடியாது. பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் 8 முதல் 12 தடவை பால் கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டு மூன்று மணி நேரம் வெளியே இருந்தால் ஒரு தடவையாவது அங்கேதான் கொடுத்தாக வேண்டும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கி, முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு மற்ற உணவோடு சேர்த்து 2 வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இரண்டு வருடம் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்க முடியுமா, சொல்லுங்கள்.

"வெளியே போகும்போது மட்டும் புட்டிப்பால் கொடுத்துவிடு" என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். ஊர்க் கண்ணுக்குப் பயந்து மட்டும் அதைச் செய்யாதீர்கள். குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். ஒரு வேளை விட்டால் உங்களுக்குப் பால் கட்டிக்கொண்டு வலிக்கும், அடிக்கடி விட்டால் சுரப்பும் குறையும். புட்டியையும் காம்பையும் அங்கே போய் எப்படிக் கொதிக்க வைப்பீர்கள்? குழந்தை உணவுப் பவுடருக்கும் பால் புட்டிக்கும் விளம்பரம் செய்வதையே நம் நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. மருத்துவக் காரணம் இருந்து டாக்டர் சொல்லிப் பவுடர் பால் கொடுப்பவர்களை நான் சொல்லவில்லை. அவர்கள் எந்தக் குற்ற உணர்ச்சியும் இல்லாமல் கொடுக்கட்டும்.

வெட்கம் எங்கிருந்து வந்தது?

என் அப்பத்தா நடவுக்குப் போகும்போது வேப்பமரத்தில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டிருப்பாராம். அழுதால் வரப்பில் வந்து உட்கார்ந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி வயலில் இறங்கிவிடுவார். "பசியாத்திட்டு வந்துட்டேன்" என்று மட்டும் சொல்வாராம், அவ்வளவுதான் பேச்சு. அந்தத் தலைமுறை முந்தானையால் மூடிக்கொண்டதற்குப் பாதிக் காரணம் கண்ணேறு. பிள்ளை குடிப்பதைப் பார்த்து யாராவது கண் வைத்துவிட்டால் பால் வற்றிவிடும், பிள்ளை கக்கிவிடும் என்ற பயம். உடம்பு தெரிந்துவிடுமோ என்கிற கூச்சம் அதற்கு அடுத்துத்தான்.

சீர்காழிக் கோயில் குளக்கரையில் அழுத சம்பந்தருக்கு உமையம்மை பால் கொடுத்ததை இன்றைக்கும் சித்திரை மாதத்தில் திருமுலைப்பால் விழா என்று அந்தப் பெயரிலேயே கொண்டாடுகிறார்கள். பத்திரிகையில் அச்சடிக்கிறோம், ஒலிபெருக்கியில் சொல்கிறோம். அந்தச் சொல்லையே வீட்டில் சொல்லக் கூசுகிறவர்களாகவும் நாமே இருக்கிறோம்.

மாறிப்போனது எது என்று யோசித்தால், நம்மைச் சுற்றி இருக்கிறவர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வரப்பில் அப்பத்தாவைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் பெயர் தெரிந்தவர்கள். இன்றைக்கு நம் பக்கத்தில் உட்காருகிறவர் யாரென்றே தெரியாது, அவர் கையில் கேமரா வைத்த போன் வேறு இருக்கிறது. அதனால் உங்கள் பயத்தை நான் பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல மாட்டேன். அதற்குத் தக்கபடி தயாராகிவிடலாம்.

படி 1: வீட்டில் நாற்காலியில் பழகுங்கள்

பெரும்பாலும் நாம் கட்டிலில் சாய்ந்துகொண்டோ, ஒருக்களித்துப் படுத்தோதான் பால் கொடுத்துப் பழகியிருப்போம். வெளியே உங்களுக்குக் கிடைப்பது பஸ் சீட்டு, பிளாஸ்டிக் சேர், கோயில் திண்ணை. எனவே கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் இரண்டு வேளையாவது கை வைக்காத பிளாஸ்டிக் சேரில், தலையணை இல்லாமல், எதிரே கண்ணாடி வைத்துக்கொண்டு கொடுத்துப் பாருங்கள்.

எதிரே இருப்பவருக்கு என்ன தெரிகிறது என்று கண்ணாடியில் பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். குழந்தையின் தலையே பெரும்பாலும் மறைத்துவிடுகிறது. கொக்கியைக் கழற்றுவதிலிருந்து குழந்தை வாய் வைக்கிற வரைக்கும் உள்ள சில நொடிகளும், குடித்து முடித்து வாயை எடுக்கிற நொடியும்தான் வெளியே தெரிகிற நேரம். அந்த இரண்டையும் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். மூக்கு காம்புக்கு நேராக வரட்டும். நீங்கள் குனிந்து குழந்தையிடம் போகாமல் குழந்தையை உங்களிடம் கொண்டுவாருங்கள். வாயை ஆவென்று திறந்ததும் சட்டென்று அணைத்துக்கொள்ளுங்கள். காம்பு மட்டும் போனால் போதாது, அதைச் சுற்றியுள்ள கறுத்த பகுதியிலும் பெரும்பங்கு வாய்க்குள் போக வேண்டும். தாடை மார்பில் பட்டு, கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருந்தால் சரியாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். வலித்தால் இழுக்காதீர்கள். சுத்தமான சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்து விடுவித்துவிட்டு மறுபடி வைக்கவும்.

இன்னொன்று, ஒரு கையால் கொக்கி போடப் பழகுங்கள். குழந்தை மடியில் தூங்கிவிடும், எழுப்பக் கூடாது, கண்டக்டர் "அடுத்த ஸ்டாப் இறங்கு" என்பார். அந்த நேரத்தில் இடது கையால் மூன்று கொக்கி போடத் தெரிந்திருந்தால் எவ்வளவு நிம்மதி என்பது அனுபவித்தால்தான் தெரியும்.

படி 2: உடை

புடவை கட்டிப் பழகியவராக இருந்தால் கவலையே இல்லை. பாலூட்ட இதைவிட நல்ல உடை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ரவிக்கை முன்பக்கம் கொக்கி வைத்ததாக, கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும். கீழ்க் கொக்கிகள் இரண்டு மூன்றை மட்டும் கழற்றி ரவிக்கையை மேலே தூக்கினால் போதும், மேல் கொக்கியைத் தொட வேண்டாம். தோளுக்குப் பின்னால் தொங்குகிற தலைப்பை வலது பக்கமாக முன்னால் கொண்டுவந்தால் குழந்தையும் மறையும், உங்கள் முதுகும் மறையும். முந்தானையை மடிப்பு வைத்து ஊக்கு குத்தாதீர்கள். அவசரத்தில் அந்த ஊக்கு கழலவே கழலாது, குழந்தைக்குக் குத்திவிடும் என்ற பயம் வேறு.

சுடிதார் என்றால் உள்ளே ஒரு பனியன் போட்டுக்கொள்ளுங்கள். மேல்சட்டையை மேலே தூக்கி, பனியனைக் கீழே இறக்கினால் நடுவில் குழந்தைக்கு வேண்டிய இடம் மட்டும்தான் திறக்கும். வயிறும் இடுப்பும் பனியனுக்குள்ளேயே இருக்கும். பிரசவத்துக்குப் பிறகு பல பேருக்கு மார்பைவிட வயிறு தெரிவதுதான் கூச்சம். பக்கவாட்டில் ஜிப் வைத்துத் தைத்த சுடிதார் இப்போது கடைகளில் கிடைக்கிறது, பக்கத்துத் தையல்காரரிடம் கொடுத்தாலும் பழைய சுடிதாரிலேயே வைத்துத் தருவார். ஜிப்பின் உள்பக்கம் துணிப்பட்டை வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் குழந்தையின் கன்னத்தில் உரசும்.

பூப்போட்ட துணியும் கறுப்பு, கருநீலம் போன்ற நிறமும் பால் கசிந்த ஈரத்தைக் காட்டாது. கசிகிற மாதிரி இருந்தால் கைகளைக் கட்டிக்கொள்வதுபோல வைத்து மார்பை ஒரு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள், நின்றுவிடும். பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதாலே நமக்குச் சுரக்கும், அது இயல்பு.

கழுத்தில் மாட்டிக்கொள்கிற பாலூட்டும் போர்வை விற்கிறார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. நம் ஊர் வெயிலுக்கு உள்ளே குழந்தை வெந்துபோகிறது, தூரத்திலிருந்து பார்த்தாலே அங்கே என்ன நடக்கிறது என்று பறைசாற்றவும் செய்கிறது. மெல்லிய பருத்தித் துண்டோ துப்பட்டாவோ போதும். எதைப் போட்டாலும் குழந்தையின் மூக்கு உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

படி 3: ஊசி போடுகிற நாளில் தொடங்குங்கள்

45-ஆம் நாள் ஊசிக்குத்தான் பெரும்பாலும் முதல் தடவை வெளியே போவோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை என்றால் வராந்தா முழுக்கக் கைப்பிள்ளைக்காரிகளாகத்தான் இருப்பார்கள். உங்கள் முதல் முயற்சிக்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. உங்களுக்கு முன்னால் நாலு பேர் பால் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள். தெரியாததைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்ளலாம். இரண்டாவது பிள்ளைக்காரி ஒருவர் எப்படியும் இருப்பார், அவர் பக்கத்தில் இடம் பிடியுங்கள்.

ஊசி போடும்போதும் போட்ட உடனேயும் பால் கொடுத்தால் குழந்தைக்கு வலி குறையும். போலியோ சொட்டு போட்ட பிறகு பால் கொடுக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் செவிலியரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். தாராளமாகக் கொடுக்கலாம் என்றுதான் சொல்வார்.

படி 4: அழுகைக்கு முன்னாலேயே கொடுங்கள்

கையை வாய்க்குக் கொண்டுபோவது, நாக்கை நீட்டுவது, உதட்டைச் சப்புவது, தலையைத் திருப்பி உங்கள் நெஞ்சில் தேடுவது, இவையெல்லாம் பசியின் முதல் அடையாளங்கள். அழுகை கடைசியில்தான் வரும். அழ ஆரம்பித்துவிட்ட குழந்தை நாக்கை மேலே தூக்கிக்கொண்டு விறைத்துக்கொள்ளும், சரியாக வாய் வைக்காது. உங்களுக்கும் படபடப்பில் பால் இறங்கத் தாமதமாகும். அன்றைக்குப் பஸ்ஸில் நான் செய்த தப்பு இதுதான்.

அப்படி ஆகிவிட்டால் முதலில் தோளில் போட்டுத் தட்டி ஒரு நிமிடம் சமாதானப்படுத்துங்கள். சுண்டுவிரலைச் சப்பக் கொடுத்து, அழுகை அடங்கியதும் மார்புக்கு மாற்றுங்கள். நீங்களும் தண்ணீர் இரண்டு வாய் குடித்து, தோளைத் தளர்த்திக்கொள்ளுங்கள். கிளம்புவதற்குச் சற்று முன் ஒரு தடவை கொடுத்துவிட்டால் பயணத்தில் கொஞ்ச நேரம் கையில் இருக்கும்.

கத்திரி வெயிலாக இருந்தாலும் 6 மாதத்துக்கு முன் குழந்தைக்குத் தண்ணீர் வேண்டாம். தாகத்துக்கும் பால்தான். தண்ணீர் உங்களுக்கு வேண்டும், ஒரு லிட்டர் பாட்டில் பையில் இருக்கட்டும். அதோடு இரண்டு மெல்லிய துண்டு, ஒரு மாற்று ரவிக்கை அல்லது மேல்சட்டை. மற்றதெல்லாம் உங்கள் சௌகரியம்.

படி 5: இடத்துக்கு இடம்

பஸ்ஸில் ஜன்னல் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். "அக்கா, பாப்பாவுக்குப் பால் குடுக்கணும், கொஞ்சம் ஜன்னல் பக்கம் விடறீங்களா?" என்று கேட்டு எனக்கு யாரும் மறுத்ததில்லை. காரணத்தைச் சொல்லாமல் "சீட்டு மாத்திக்கலாமா" என்று மட்டும் கேட்டால்தான் மூஞ்சியைத் திருப்புவார்கள். உட்கார்ந்ததும் ஜன்னல் பக்கத்து மார்பில் தொடங்கினால் நடுவில் நிற்பவர்களுக்கு எதுவும் தெரியாது. ஆனால் பஸ் நிலையத்துக்குள் வண்டி நுழைகிற நேரம் கவனம். வெள்ளரிப்பிஞ்சு, வேர்க்கடலை விற்கிறவர்கள் ஜன்னலுக்கு நேராக முகத்தை நீட்டுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, அது அவர்கள் பிழைப்பு. துண்டின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் செருகிவிட்டால் போதும்.

குண்டும் குழியுமான ரோட்டில் குழந்தைக்குப் புரையேறலாம், ஈறால் கடித்தும் விடும். குழந்தையின் கழுத்தையும் பின்தலையையும் முழங்கை மடிப்பில் வைத்து, மற்றொரு கையால் முன்கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். காரில் போனால் வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். ஓடுகிற காரில் மடியில் வைத்துக் கொடுப்பது குழந்தைக்கு ஆபத்து.

பேருந்து நிலையத்தில் "தாய்மார்கள் பாலூட்டும் அறை" என்ற பலகையைத் தேடுங்கள். 2015 ஆகஸ்டில், உலகத் தாய்ப்பால் வாரத்தின்போது, அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தமிழ்நாடு முழுக்கப் பேருந்து நிலையங்களில் 350-க்கும் மேற்பட்ட அறைகளைத் திறந்து வைத்தார். நல்ல ஏற்பாடு. சில இடங்களில் விசிறியும் நாற்காலியும் சுத்தமாக இருக்கின்றன, சில இடங்களில் பூட்டிக் கிடக்கின்றன. பூட்டியிருந்தால் திரும்பிவிடாதீர்கள். நேரக்காப்பாளர் அறையில் போய்க் கேளுங்கள், இல்லாவிட்டால் அங்கே பெருக்குகிற அக்காவிடம் கேளுங்கள். சாவி எங்கே இருக்கிறது என்பது பெரும்பாலும் அந்த அக்காவுக்குத்தான் தெரிந்திருக்கும். கேட்கக் கேட்கத்தான் அந்த அறைகள் திறந்திருக்கும். யாரும் வராத அறையைச் சாமான் போடுகிற இடமாக மாற்ற எவ்வளவு நாள் ஆகும்?

அறை இருப்பதால் அங்கேதான் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. பஸ் வரப்போகிறது, அறை அந்தக் கோடியில் இருக்கிறது என்றால் இருக்கிற பெஞ்சிலேயே கொடுங்கள். "அதான் ரூம் இருக்குல்ல, இங்க ஏன்?" என்று ஒருவர் கேட்டால், "பஸ்ஸு வந்துடும்ண்ணே, பாப்பா அழுதிடும்" என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

ரயிலில் மேல் படுக்கை கிடைத்திருந்தால் ஏறியவுடனேயே கீழ்ப் படுக்கைக்காரரிடம் பேசி மாற்றிக்கொள்ளுங்கள், ராத்திரி பத்து மணிக்குக் கேட்காதீர்கள். படுத்துக்கொண்டு கொடுத்தால் நீங்களும் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அல்லது உடன் வந்தவரை விழித்திருக்கச் சொல்ல வேண்டும்.

கல்யாண மண்டபத்தில் மணமகள் அறைதான் நம் பாலூட்டும் அறை. முகூர்த்தம் முடிகிற வரை அங்கே கூட்டமாக இருக்கும், மாலை மாற்றியதும் காலியாகிவிடும். கெட்டிமேளச் சத்தத்தில் குழந்தை திடுக்கிட்டு வாயை எடுத்துவிடும், அதனால் தாலி கட்டுகிற நேரத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். கோயிலில் வெளிப்பிராகாரத்து மண்டபத்தில் ஒரு தூண் மறைவு கிடைக்கும், அதுவே தாராளம்.

ஜவுளிக்கடை, ஓட்டல் விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு பெரிய ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் ஓரமாக உட்கார்ந்து இரண்டாவதாகப் பிறந்த என் மகனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, மேற்பார்வையாளர் ஒருவர் ஒரு பெண்ணை அனுப்பி, கழிப்பறைக்குப் போய்க் கொடுக்கச் சொன்னார். அந்தப் பெண் சொல்லும்போதே தலையைக் குனிந்துகொண்டாள். நான் அவளிடம், "நீ சாப்பாட்டை டாய்லெட்ல வச்சுச் சாப்பிடுவியா தங்கச்சி? இவனும் சாப்பிடத்தான் செய்றான்" என்றேன். அவள் போய் என்ன சொன்னாளோ, ஐந்து நிமிடத்தில் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து, உடை மாற்றிப் பார்க்கிற அறை ஒன்றைத் திறந்துவிட்டாள். கொல்கத்தாவில் 2018-இல் ஒரு வணிக வளாகத்தில் ஒரு தாயிடம் இதையே சொல்லப்போய் அது நாடு முழுக்கப் பேச்சானது. கழிப்பறையில் மட்டும் கொடுக்காதீர்கள். யார் சொன்னாலும் மறுத்துவிட்டு, "உக்கார ஒரு சேர் குடுங்க" என்று கேளுங்கள். உடை மாற்றும் அறை எல்லா ஜவுளிக்கடையிலும் இருக்கிறது. உள்ளே போனதும் கேமரா எதுவும் கண்ணில் படுகிறதா என்று மட்டும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

படி 6: பார்க்கிறவர்களை என்ன செய்வது

பெரும்பாலான பார்வை பழக்கத்தில் வருவது. குழந்தை என்று திரும்பிப் பார்ப்பார்கள், பால் குடிக்கிறது என்று தெரிந்ததும் கண்ணை எடுத்துவிடுவார்கள். சின்னப் பிள்ளைகள் மட்டும் அப்படியே நின்று பார்க்கும். "பாப்பா என்ன பண்ணுது?" என்று கேட்டால் "பால் குடிக்குது" என்று சொல்லுங்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து பார்க்கிற பார்வை நீங்கள் இன்றைக்குச் சொல்கிற பதிலில் இருக்கிறது.

கண்ணை எடுக்காமல் பார்க்கிறவர் ஒருவர் இருந்தால் நீங்கள் முதலில் அவர் முகத்தை நேராகப் பாருங்கள். பாதிப் பேர் இதிலேயே திரும்பிவிடுவார்கள். திரும்பவில்லையா, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அண்ணே, கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்க" என்று சொல்லுங்கள். மெதுவாகச் சொன்னால் அது உங்கள் இருவருக்குள் நடக்கிற விஷயம் ஆகிவிடும். சத்தமாகச் சொன்னால் பஸ்ஸில் இருக்கிற எல்லாப் பெண்களும் உங்கள் பக்கம் வந்துவிடுவார்கள். இதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

போனை உங்கள் பக்கம் நீட்டினால் தயங்காதீர்கள். கண்டக்டரைக் கூப்பிடுங்கள், அந்த ஆளின் போனைக் காட்டச் சொல்லுங்கள். பெண்ணை அவமதிக்கும் எண்ணத்தோடு அவளுடைய தனிமையில் புகுவது பாரதிய நியாய சன்ஹிதா என்கிற நம் நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 79-ஆம் பிரிவில் குற்றம். பெண்கள் உதவி எண் 181, அவசர எண் 112, ரயிலில் 139. இந்த மூன்றையும் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பொது இடத்தில் பால் கொடுக்கக் கூடாது என்று நம் நாட்டில் எந்தச் சட்டமும் இல்லை. 2018 மார்ச்சில் ஒரு மலையாள இதழ் பால் கொடுக்கிற பெண்ணின் படத்தை அட்டையில் போட்டபோது, ஆபாசம் என்று ஒருவர் வழக்குப் போட்டார். கேரள உயர் நீதிமன்றம் அதில் ஆபாசம் எதுவும் இல்லை என்று மனுவைத் தள்ளியது. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பொதுக் கட்டடங்களில் பாலூட்டவும் குழந்தையைப் பராமரிக்கவும் இடம் ஒதுக்க மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. பெண்களின் கண்ணியத்தைக் குறைக்கும் வழக்கங்களைக் கைவிட வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 51ஏ பிரிவு குடிமக்களுக்குச் சொல்கிற கடமையை நினைவூட்டி, பொது இடத்திலும் வேலை செய்கிற இடத்திலும் பால் கொடுப்பதை இழிவாக நடத்தக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. வேலைக்குத் திரும்பிய பிறகும் குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை ஓய்வு நேரம் போகத் தினமும் இரண்டு இடைவேளை பால் கொடுப்பதற்கென்றே சட்டப்படி உண்டு. இதையெல்லாம் தெரிந்து வைத்திருந்தால் பஸ்ஸில் சட்டம் பேச வேண்டிய தேவை வராவிட்டாலும், குரலில் ஒரு உறுதி வரும்.

படி 7: கூட வருகிறவர்களிடம் முன்பே பேசிவிடுங்கள்

வெளியாட்களைவிட வீட்டாட்கள்தான் பல பேருக்குச் சிரமம். மாமனாரும் கொழுந்தனாரும் ஹாலில் இருந்தால் "உள்ள போய்க் குடு" என்று ஒரு குரல் வரும். உள்ளே புழுக்கம், விசிறி இல்லை, பேச ஆள் இல்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அப்படித் தனியாகப் போய் உட்கார்ந்தால் பச்சை உடம்புக்காரிக்கு மனசு சோர்ந்துவிடும். "அத்தை, உள்ள வேர்க்குது, பாப்பா சரியாக் குடிக்க மாட்டேங்குது. இங்கயே மூடிக்கிட்டுக் குடுத்துடறேன்" என்று குழந்தையின் பெயரால் சொல்லிப் பாருங்கள். குழந்தைக்காக என்றால் எந்த அத்தையும் இறங்கிவருவார். கண்ணேறு பயம் என்றால் திருஷ்டிப்பொட்டைக் கொஞ்சம் பெரிதாகவே வைத்துவிடுங்கள், அவருக்கும் நிம்மதி.

கணவருக்கு மூன்று வேலை சொல்லிவையுங்கள். நீங்கள் கொக்கி கழற்றும்போது, நடுவில் ஆட்கள் நிற்கிற பக்கம் அவர் உட்கார வேண்டும். பையும் தண்ணீரும் அவர் கையில் இருக்க வேண்டும். யாராவது ஏதாவது சொன்னால் பதில் அவர் சொல்ல வேண்டும். உங்களுக்கு வெட்கம் இல்லாவிட்டாலும், அவர் சுற்றுமுற்றும் பார்த்து நெளிந்தால் அந்த நெளிவு உங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும். வீட்டிலேயே ஒரு தடவை சொல்லிப் பழக்கிவிடுங்கள். என் வீட்டுக்காரர் முதலில் போனைப் பார்த்துக்கொண்டு தள்ளி நின்றவர்தான். இரண்டாவது பிள்ளைக்கு, நான் கேட்கும் முன்பே துண்டை விரித்துக்கொண்டு நின்றார்.

நான்கைந்து மாதத்துக்குப் பிறகு

இங்கே ஒரு திருப்பம் வரும், தயாராக இருங்கள். இதுவரை முந்தானைக்குள் சமர்த்தாகக் குடித்த குழந்தைக்கு உலகம் தெரிய ஆரம்பித்துவிடும். ஹார்ன் அடித்தால் திரும்பிப் பார்க்கும், அதுவும் காம்பை விடாமலேயே திரும்பும். மூடியிருக்கிற துணியை ஒரு கையால் பிடித்து, ஒரே இழுவையில் கழற்றிவிட்டு, எதிரே இருப்பவரைப் பார்த்துச் சிரிக்கும். வாயோரம் பால் ஒழுகிக்கொண்டிருக்கும். இந்த வயதில் துணியோடு மல்லுக்கட்டுவது வீண். மல்லுக்கட்ட மல்லுக்கட்டத்தான் எல்லார் கண்ணும் அங்கே வரும். துணியை விட்டுவிட்டு, உடையின் திறப்பைச் சின்னதாக வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்காருங்கள். குழந்தையின் கையில் பிடித்துக்கொள்ள உங்கள் தாலிக்கொடியோ பெரிய மணி கோத்த கயிறோ கொடுங்கள். ஐந்து நிமிடத்தில் வயிறு நிறைந்துவிடும், முன்போல அரை மணி நேரமெல்லாம் ஆகாது.

ஒரு வயதுக்கு மேல் கேட்டு வாங்கிக் குடிப்பார்கள். எங்கள் பக்கம் "பாச்சி" என்போம், சில வீடுகளில் "இங்கா". கூட்டத்தில் அந்த வார்த்தையைச் சத்தமாகச் சொல்லி ரவிக்கையை இழுக்கும்போதுதான், "இன்னுமா குடுக்கற? பல்லு முளைச்சிடுச்சே" என்பார்கள். "ரெண்டு வயசு வரைக்கும் குடுக்கணும்னு டாக்டர் சொல்லிருக்காங்க" என்று சொல்லுங்கள். டாக்டர் என்றதும் அந்தப் பேச்சு நின்றுவிடும். குழந்தையிடமும் ஒரு ஏற்பாடு செய்துகொள்ளலாம். எங்கள் வீட்டில் சின்னவன் பால் வேண்டுமென்றால் என் கன்னத்தை இரண்டு தடவை தட்ட வேண்டும் என்று பழக்கியிருந்தேன். பஸ்ஸில் தட்டுவான். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வேன்.